கோபுரமும் அரக்கு மாளிகையும்



போன மாதம் ஞாயிறு சமய வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் வட்டாரத்துத் தம்பி ஒருவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாலிடெக்னிக்கில் கணினித் துறை படிக்கிறார். நம் தொண்டர்களுக்காக ஒரு கைப்பேசிச் செயலி செய்திருக்கிறார். தைப்பூசத்தில் யார் தண்ணீர்ப் பந்தல், யார் முதலுதவி, யாருக்கு என்ன இரத்த வகை, அவசரத்துக்கு வீட்டில் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அதில் இருக்கிறது. உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்களும் உண்டு. வெளியாள் யாரும் படித்துவிடக் கூடாது என்று, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மறையாக்க மென்பொருளை உள்ளே சேர்த்திருந்தார். என்கிரிப்ஷன் என்று நாம் சொல்கிறோமே, அதுதான் மறையாக்கம்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க. ஐபோன் செயலிக் கடையில ஏத்தப் போனா, செயலிக்குள்ள மறையாக்கம் இருக்கான்னு கேக்குது. அமெரிக்க ஏற்றுமதிச் சட்டமாம். நான் என்ன ஆயுதமா கடத்துறேன்?"

"நீ என்ன பதில் போட்ட?"

"இல்லைன்னு டிக் பண்ணிட்டேன். யாருண்ணே பாக்கப் போறாங்க?"

சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி விடவில்லை. தம்பி விளையாட்டாகத்தான் கேட்டார். 1996 முடியும் வரை அமெரிக்கச் சட்டத்தின் பதில் என்ன தெரியுமா? "ஆமாம், ஆயுதம்தான்." மறையாக்க மென்பொருள், பீரங்கியும் போர் விமானமும் இருக்கும் அதே போர்த்தளவாடப் பட்டியலில் இருந்தது. அனுமதி இல்லாமல் அதை வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஆயுத ஏற்றுமதிக் குற்றம். சிறைக்கே போகலாம்.

அந்தக் காலத்தில் அதை மீறிப் பகிர்ந்தவர்களும் இருந்தார்கள். மீறாமல் எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் கதையைச் சொல்லிவிட்டு, அதில் எது தர்மம் என்று உங்களோடு சேர்ந்து யோசிக்க ஆசைப்படுகிறேன்.

பில் சிம்மர்மேன் என்பவர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருந்த மென்பொருள் பொறியாளர். அணு ஆயுதங்களுக்கு எதிரான அமைதி இயக்கத்தில் ஈடுபட்டவர். 1991-இல் அமெரிக்க செனட்டில் ஒரு மசோதா வந்தது. மக்கள் பேசுவதையும் எழுதுவதையும், சட்டப்படி அரசாங்கம் கேட்டால் பூட்டு இல்லாத வடிவில் எடுத்துத் தரும்படி தொடர்பு நிறுவனங்கள் தங்கள் கருவிகளை அமைக்க வேண்டும் என்ற கருத்து அதில் இருந்தது. நல்ல பூட்டுகளே இல்லாத காலம் வந்துவிடுமோ என்று சிம்மர்மேன் பயந்தார். வேறு வேலை பார்க்காமல் இதிலேயே உட்கார்ந்தார். ஐந்து மாதம் வீட்டுக் கடன் தவணைகூடக் கட்டவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம் தம் மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். அதன் பெயர் பிரிட்டி குட் பிரைவசி, சுருக்கமாக பிஜிபி. நம்ம பேச்சில் சொன்னால், "பரவாயில்லாத அந்தரங்கம்".

அது எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் காசு போடலாம். போட்டவரே திரும்ப எடுக்க முடியாது. சாவி வைத்திருப்பவர் மட்டும்தான் திறக்கலாம். பிஜிபியும் அப்படித்தான். உலகத்துக்கே தெரிந்த பொதுச் சாவியால் உங்களுக்கு யாரும் செய்தியைப் பூட்டி அனுப்பலாம். உங்கள் கையில் மட்டும் இருக்கும் தனிச் சாவியால்தான் அது திறக்கும். முன்பெல்லாம் இந்த அளவுக்கு உறுதியான பூட்டு படைகளிடமும் தூதரகங்களிடமும் பெரிய வங்கிகளிடமும்தான் இருந்தது. இப்போது வீட்டுக் கணினிக்கு வந்துவிட்டது.

நண்பர்கள் அதை இணையத்தில் அமெரிக்கக் கணினிகளில் ஏற்றினார்கள். அவர்கள் போட்டது உள்ளூர்த் தெருவில்தான். ஆனால் இணையம் என்ற தெருவுக்கு முடிவு கிடையாதே! சீக்கிரமே பிஜிபி கடல் தாண்டிப் போய்விட்டது. 1993-இல் அமெரிக்கச் சுங்கத்துறை சிம்மர்மேன் மீது விசாரணை தொடங்கியது. மூன்று வருடம் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. 1996 ஜனவரியில், ஒரு குற்றச்சாட்டும் பதிவு செய்யாமல் விசாரணையை முடித்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பிஜிபிக்குள் இருந்த கணிதத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை இருந்தது. உரிமை பெற்ற நிறுவனம் கோபப்பட்டது. அந்தத் தகராறு தீரவே சில ஆண்டுகள் பிடித்தன. ஆக, சிம்மர்மேன் கதையில் அரசாங்கம் மட்டும் எதிர்த் தரப்பு இல்லை. நல்ல காரியம் என்று நினைத்துச் செய்ததில் அடுத்தவர் உரிமையும் மிதிபட்டது என்று சொல்ல இடம் இருக்கிறது.

சரி, சட்டம் எப்படி இருந்தது என்று பாருங்கள். புரூஸ் ஷ்னையர் என்ற நிபுணர் மறையாக்கம் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதில் மென்பொருளின் மூல நிரல் அப்படியே அச்சாகியிருந்தது. ஃபில் கார்ன் என்ற பொறியாளர் 1994-இல் அரசாங்கத்திடம் முறையாகக் கேட்டார். "இந்தப் புத்தகத்தை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?" தாராளமாக அனுப்பலாம் என்று பதில் வந்தது. "இதே நிரலை ஒரு வட்டில் போட்டு அனுப்பலாமா?" கூடாது, அது போர்த்தளவாடம்! தாளில் இருந்தால் கருத்து, வட்டில் இருந்தால் ஆயுதம்.

விடுவார்களா? 1995-இல் எம்ஐடி பதிப்பகம் பிஜிபியின் மூல நிரல் முழுவதையும் புத்தகமாகவே போட்டது. 1997-இல் அடுத்த பதிப்பு ஆறாயிரம் பக்கத்துக்கு மேல் அச்சாகி, சட்டப்படி ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே தொண்டர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, எழுத்துப் பிழை பார்த்து, மறுபடியும் மென்பொருளாக்கினார்கள். சட்டத்தின் ஓர் எழுத்தையும் மீறவில்லை. சட்டம் தடுக்க நினைத்தது மட்டும் நடந்தே விட்டது.

இதில் நம்மைப் போன்றவர்களும் சம்பந்தப்பட்டிருந்தோம். 1990-களில் நெட்ஸ்கேப் உலாவி இரண்டு வகையாக வந்தது. அமெரிக்கர்களுக்கு 128 பிட் பூட்டு. வெளிநாட்டுக்கான பதிப்பில் 40 பிட் பூட்டு. 1995 ஆகஸ்டில் பிரான்சில் ஓர் ஆய்வாளர் அந்த 40 பிட் பூட்டை எட்டே நாளில் உடைத்துக் காட்டினார். அதாவது கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ அந்தப் பதிப்பைப் பயன்படுத்தியவருக்குக் கிடைத்தது எட்டு நாள் பூட்டு. அந்த நிறுவனம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் நடந்தது. குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அந்தச் செயலால் எத்தனையோ நாட்டுச் சாதாரண மக்கள் பாதுகாப்புக் குறைவாக இருந்தார்கள் என்பதும் உண்மைதானே?

மூன்றாவதாக ஒருவர் வருகிறார். டேனியல் பெர்ன்ஸ்டைன், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். தாம் எழுதிய மறையாக்க நிரலை வெளியிட ஆசைப்பட்டார். முதலில் அரசாங்கத்திடம் கேட்டார். ஆயுத விற்பனையாளர் மாதிரி உரிமம் வேண்டும் என்றார்கள். அவர் திருட்டுத்தனமாக ஏற்றவில்லை. 1995-இல் நீதிமன்றத்துக்குப் போனார். மறுவருடம் நீதிபதி மெரிலின் ஹால் பட்டேல், கணினி நிரலும் ஒரு மொழிதான், அதற்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தார். வழக்கு மேல்முறையீடு என்று பல ஆண்டு இழுத்தது. அதற்குள் அரசாங்கமும் இறங்கி வந்தது. 2000 ஜனவரியில் விதிகள் தளர்ந்தன. எல்லாருக்கும் திறந்து வைக்கும் மூல நிரலை, அரசாங்கத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு வெளியிடலாம் என்றானது.

அந்த மாணவர் பின்னாளில் உருவாக்கிய ஒரு கணித முறைதான் இன்று நம் வாட்ஸ்அப் செய்திகளைப் பூட்டுவதற்கும் பயன்படுகிறது. நீங்கள் அம்மாவுக்கு "சாப்டாச்சா" என்று அனுப்பும்போதும் அது உங்கள் கையில் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் ஒரு தங்கை டக்கென்று கேட்டார். "அண்ணே, இது நம்ம ராமானுஜர் கதை மாதிரியே இருக்கே?"

உண்மைதான், எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திர உபதேசம் பெற ராமானுஜர் பதினெட்டு முறை நடந்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். யாருக்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு நம்பி உபதேசித்தார். ராமானுஜரோ கோயில் உச்சியில் ஏறி ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார். குரு கோபித்தபோது, நான் ஒருவன் நரகம் போனாலும் இத்தனை பேர் கடைத்தேறுவார்களே என்றாராம். குரு மனம் உருகி அவரை அணைத்துக்கொண்டார். மூடி வைத்த ஒன்றைத் திறந்துவிட்டவர் என்ற வகையில் சிம்மர்மேனும் கோபுரம் ஏறியவர்தான்.

ஆனால் ஓர் இடத்தில் இந்த ஒப்புமை நிற்கவில்லை. மந்திரத்தைக் கேட்டவன் கெட்டவனாகவே இருந்தாலும், அதை வைத்து அடுத்தவன் வீட்டில் திருட முடியாது. நரகம் வந்தால் சொன்னவருக்கு மட்டும்தான். மறையாக்கம் அப்படியா? நல்லவனுக்கும் பூட்டு, திருடனுக்கும் அதே பூட்டு. பகிர்ந்தவர் ஒருவர், பலன் அனுபவிப்பவர் பலர், பாதிக்கப்படுபவர் முற்றிலும் வேறு யாரோ. "என் பாவம் என்னோடு" என்று இங்கே சொல்லிவிட முடியாது.

அரசாங்கத் தரப்பையும் நியாயமாகப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் சங்கேதத்தை உடைத்துத்தான் எத்தனையோ உயிரைக் காத்தார்கள். 1942-இல் மிட்வே கடற்போரில் அமெரிக்கா வென்றதற்கு, ஜப்பானியக் கடற்படையின் சங்கேதத்தைப் படிக்க முடிந்தது ஒரு முக்கியக் காரணம். அந்த அனுபவம் உள்ள அதிகாரிகள், "உடைக்க முடியாத பூட்டை உலகத்துக்கே விநியோகிக்காதீர்கள்" என்று சொன்னதை வெறும் அதிகாரத் திமிர் என்று தள்ளிவிட முடியாது. நம் மலேசியாவிலேயே 2010-ஆம் ஆண்டின் வியூக வாணிகச் சட்டத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சில மறையாக்கக் கருவிகளும் இருக்கின்றன. சிங்கப்பூரிலும் இதுபோன்ற சட்டம் உண்டு.

எங்கள் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வரும் ஓர் அத்தை இருக்கிறார். விளக்குப் பூஜைக்குத் திரி போட்டுத் தருவது அவர் வேலை. போன வருடம் மக்காவ் ஸ்கேம் கும்பலிடம் மாட்டிக்கொண்டார். போலீஸ் என்று சொல்லிப் பேசியிருக்கிறார்கள். இஎபிஎஃப் சேமிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. அந்தக் கும்பல் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டது, யார் தலைவன், பணம் எங்கே போனது என்பதெல்லாம் பூட்டிய செய்திகளில் இருந்திருக்கலாம். யாரும் திறக்க முடியாது. அத்தையிடம் போய் அந்தரங்கத்தின் அருமையைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

இந்தச் சிக்கலுக்கு எனக்கு ராமானுஜர் கதையைவிடப் பாரதக் கதை கிட்டத்தில் வருகிறது.

பாண்டவர்களை வாரணாவதத்துக்கு அனுப்பி, அரக்கு மாளிகையில் வைத்து எரித்துவிடத் துரியோதனன் திட்டம் போட்டான். விடைபெறும் நேரம், சுற்றிலும் கூட்டம். விதுரர் தருமரிடம் பூடகமாக ஏதோ சொன்னார். எல்லார் காதிலும் விழுந்தது. தருமர் ஒருவருக்குத்தான் புரிந்தது. பக்கத்தில் இருந்த குந்திக்கே புரியாமல், "சித்தப்பா என்னப்பா சொன்னார்?" என்று பிறகு கேட்க வேண்டியிருந்தது. நெருப்பு வருகிறது, நிலத்துக்கு அடியில் வழி தேடு என்பதுதான் செய்தி. எல்லாரும் கேட்க, ஒருவர் மட்டும் திறக்கும் பூட்டு. மறையாக்கம் என்றால் இதுதானே!

இதில் கவனியுங்கள். விதுரர் அரண்மனையின் அமைச்சர். திருதராஷ்டிரன் சோற்றைச் சாப்பிடுபவர். அரச இரகசியத்தை எதிர்த் தரப்புக்குச் சொல்வது அவர் பதவிக்கு விரோதம். ஆனாலும் சொன்னார். இன்னொரு பக்கம், துரியோதனன் புரோசனனோடு போட்ட திட்டமும் இரகசியம்தான். இரகசியம் என்பதால் மட்டும் ஒன்று தர்மமும் ஆகாது, அதர்மமும் ஆகாது. எரிக்க வருபவன் கையிலும் அது இருந்தது, எரியப் போகிறவன் கையிலும் இருந்தது. விதுரர் அந்தப் பூட்டைத் தராமல் இருந்திருந்தால் துரியோதனனின் இரகசியம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

சிம்மர்மேன் காலத்திலும் அதுதான் நிலைமை. பெரிய அரசாங்கங்களிடம் பூட்டு ஏற்கனவே இருந்தது. பணமும் ஆளும் உள்ள குற்றக் கும்பல் எப்படியும் தேடிப் பிடித்துவிடும். பிஜிபியின் இரண்டாம் பதிப்பில் இருந்த முக்கியமான பூட்டு முறையே சுவிட்சர்லாந்தில் உருவானது. வெளியிலிருந்து வந்ததை வெளியே போகக் கூடாது என்று சட்டம் தடுத்துக்கொண்டிருந்தது! அந்தத் தடையால் உண்மையில் பூட்டில்லாமல் நின்றவர்கள் வழியில்லாத எளியவர்கள். நமக்குப் பக்கத்து பர்மாவில் இராணுவ ஆட்சியை எதிர்த்த குழுக்கள் காட்டு முகாம்களில் பிஜிபியைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று சிம்மர்மேன் பின்னாளில் அமெரிக்க செனட் குழு முன் சொன்னார். அங்கே ஒரு மடிக்கணினி பிடிபட்டால், அதிலுள்ள பெயர்ப் பட்டியல் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சிம்மர்மேன் செய்தது சரி என்றே நினைக்கிறேன். மசோதா வாசலில் நிற்பதாக அவர் நம்பினார். விதுரருக்கும் நேரம் இல்லை. நேரம் இல்லாதபோது, எளியவரைக் காக்கும் ஒன்றை, அவரைக் காக்காத ஒரு தடையைத் தாண்டிக் கொடுப்பது தர்மத்துக்கு விரோதம் ஆகாது. அதோடு, அவர் தம் பெயரைப் போட்டே வெளியிட்டார். விசாரணை வந்தபோது ஓடவில்லை, மூன்று வருடம் நின்று பதில் சொன்னார். ஆனால் நேரமும் நீதிமன்றமும் இருந்த இடத்தில் பெர்ன்ஸ்டைன் வழிதான் மேலானது. அவர் தமக்கு மட்டும் வழி தேடவில்லை. பின்னால் வருகிற எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டார். சட்டம் பிடிக்கவில்லை என்பதற்காக மீறுகிறவரும் சட்டத்தைத் திருத்தப் போராடுகிறவரும் ஒன்றில்லை.

இதோடு முடித்துவிட்டால் நிம்மதியாக இருக்கும். ஆனால் வியாசர் நம்மை அப்படி விடவில்லை. அரக்கு மாளிகை எரிந்த அன்று இரவு, விருந்துக்கு வந்த ஒரு வேடுவப் பெண்ணும் அவளுடைய ஐந்து மகன்களும் உண்டு களித்து அங்கேயே தூங்கிப் போயிருந்தார்கள். பாண்டவர்கள் சுரங்கம் வழியே தப்பினார்கள். அந்த ஆறு பேர் கரிந்து போனார்கள். அந்த உடல்களைப் பார்த்துத்தான் குந்தியும் பாண்டவர்களும் இறந்துவிட்டதாக ஊர் நம்பியது. அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. விதுரர் சொன்னது தவறா? இல்லை. அந்த ஆறு உயிருக்குக் கணக்கு உண்டா? உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது நான் பாண்டவர்களோடு சுரங்கத்தில் ஓடிவிட்டேன். இப்போதுதான் திரும்பிப் பார்க்கிறேன்.

2001 செப்டம்பரில் அமெரிக்காவில் தாக்குதல் நடந்த பிறகு, சிம்மர்மேனிடம் பலர் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். எல்லாரையும் போலத் தாமும் அழுததாகவும், ஆனால் அது குற்ற உணர்வால் வந்த கண்ணீர் இல்லை, பிஜிபியை உருவாக்கியதற்கு வருந்தவில்லை என்றும் அவர் எழுதினார். அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வருந்த வேண்டியதில்லை என்பதால் நம் கடமை முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பூட்டால் பயன் அடைகிற நாம் எல்லாரும் நம் கோயில் அத்தைக்குக் கடன்பட்டவர்கள்.

இதைச் சொன்னபோது வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு செயலி செய்த தம்பி மடிக்கணினியைத் திறந்தார்.

"அண்ணே, அந்த டிக்கை மாத்திடவா?"

"மாத்திடு. நீ மறைக்க வேண்டியது மத்தவங்க அடையாள அட்டை எண்ணை. உன் பதிலை இல்ல."

அன்று மாலையே உண்மையான பதிலைப் போட்டு, கேட்ட விவரங்களை நிரப்பி அனுப்பினார். கூடுதலாகச் சில நாள் ஆனது, அவ்வளவுதான். இந்தச் சின்ன நேர்மையைக்கூட நம்மிடம் எதிர்பார்க்க முடியாது என்றால், பெரிய சட்டத்தை மீறுவது தர்மமா என்று விவாதிக்க நமக்கு என்ன தகுதி?

இன்னொன்றும் நடந்தது. வரும் வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜை முடிந்ததும், ஏமாற்று அழைப்புகளை எப்படி அடையாளம் காண்பது என்று கோயிலில் அரை மணி நேரம் விளக்கிச் சொல்ல அந்தத் தங்கையும் தம்பியும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். முதல் வரிசையில் அந்த அத்தைக்கு நாற்காலி போட வேண்டும் என்று தங்கை சொன்னார். அத்தையைக் கேட்டோம். "நானே பேசறேன்டா, என்ன நடந்துச்சுன்னு" என்றார்.

உங்கள் வட்டாரத்திலும் இதைச் செய்யலாமே.